மூன்று சுற்று மீதி

அளத்தங்கரையில் சூரியன் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தது பெரிய சட்டியில் வேலை பார்த்த படிப்பாளிகள் இல்லை, மேற்குத் தெருவில் மிளகாய்வத்தல் காயப்போட்டிருந்த பெண்கள்தான். வெயில் நகர நகரச் சாக்கை இழுத்து இழுத்தே இடுப்பு விட்டுப்போனவர்களுக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை காப்பி நேரத்தில் விரித்த சாக்கை அதற்குப் பிறகு இழுக்கவே வேண்டியிருக்கவில்லை என்பது மூளைக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. வேப்பமரத்து நிழல் பக்கத்து வீட்டுப் படியில் கிடந்தது, சோறு பொங்கி இறக்கியும் அங்கேயே கிடந்தது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்துச் சண்டை போட்டு அடி வாங்கி அழுது ஓய்ந்தும் அங்கேயே கிடந்தது. மேற்கே பனங்காட்டுக்கு மேல் இரண்டு பனை உயரத்தில், பழுத்த பொன் நிறத்தில், சூரியன் ஆணியடித்து மாட்டின மாதிரி இருந்தது. கடிகாரம் மட்டும் ஓடியது. டிவியில் இரவுச் செய்தி வாசித்தார்கள், வாசிக்கிறவள் முகத்தில் ஜன்னல் வெயில் அடித்தது. "இது என்னட்டி கூத்து" என்று ஒருதரம் கேட்டுவிட்டு, வத்தல் நன்றாகக் காய்கிறதே என்று அந்தப் பெண்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அளம் என்றால் உப்பளம். கிழக்கே கடல், தெற்கே உப்பங்கழி, மேற்கே பனங்காடு, வடக்கே ரயில்வே கேட், நடுவில் கண் கூசுகிற உப்புப் பாத்திகள், இவ்வளவுதான் ஊர். இந்தச் சப்பென்ற நிலத்தில்தான் வானத்தின் சத்தம் கலப்படமில்லாமல் கேட்கும் என்று யாரோ கண்டுபிடித்து, பாத்திகளுக்கு நடுவே மல்லாந்த வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கட்டி வைத்தார்கள். ரேடியோ தொலைநோக்கி என்று பலகை சொன்னது. ஊர் அதைப் பெரிய சட்டி என்றது. அங்கே உட்கார்ந்து பூமி சுற்றுவதை அளக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அளத்தங்கரை என்ற பெயர் இப்போதுதான் முழுசாகப் பொருந்துகிறது என்று பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார்.

அளக்கிற வேலைக்குத் தலைவி ஜெசிந்தா. ஐம்பது தாண்டியவள், கன்னியாஸ்திரீகளிடம் கற்ற ஆங்கிலமும், அவர்களிடமே கற்ற முறைப்பும், யாரிடமும் கற்காத பொறுமையின்மையும் உள்ளவள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை நிற்கமாட்டாள், இரண்டிலேயே இறக்கிவிட்டுப் பருப்பைத் திட்டுவாள். சட்டிப் பக்கம் யாராவது செல்போனோடு போனால் வெயிலில் நின்று கத்துவாள், வெல்டிங் பட்டறைக்காரனைப் பகலெல்லாம் விரட்டுவாள். அந்தப் பொறி எல்லாம் சட்டியின் காதில் இடி மாதிரி விழுமாம். ஊர் அவளுக்குச் சட்டியம்மா என்று பெயர் வைத்துவிட்டு, போனை அணைக்காமலே இருந்தது.

அவள் வேலை என்னவென்றால், சிலியில் ஒரு சட்டி, தென்னாப்பிரிக்காவில் ஒரு சட்டி, நார்வேயில் பனிக்கு நடுவே ஒன்று, ஜப்பானில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று, இவை எல்லாமும் அளத்தங்கரைச் சட்டியோடு சேர்ந்து ஒரே கணத்தில் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி செய்வது. பூமி பிறப்பதற்கு முன்னே புறப்பட்ட ஒரு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாதது, ஒரு சட்டியில் முன்னும் இன்னொரு சட்டியில் பின்னுமாக வந்து விழும். அந்த முன்பின்னை வைத்துத்தான் பூமி எவ்வளவு திரும்பியிருக்கிறது, நேற்றைவிட இன்று சோம்பிச் சுற்றியதா துள்ளிச் சுற்றியதா என்று தெரியும். அமாவாசையிலிருந்து அமாவாசை வரை ஒரு மூச்சுக்கூட இடைவெளி விடாமல் அளப்பது என்பதுதான் ஜெசிந்தா எடுத்த முயற்சி. மூன்று வருஷம் போனிலேயே பேசி இழுத்தாள். ஒருவர் கிறிஸ்துமஸ் லீவு என்பார், ஒருவர் சட்டியின் சக்கரம் தேய்ந்துவிட்டது என்பார், ஒருவர் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பார். எல்லாரையும் கெஞ்சி, மிரட்டி, மனைவியிடமே பேசிச் சமாதானம் செய்து, கடைசியில் எல்லாச் சட்டியும் ஒன்றாகத் தலை திருப்பிய அதே செவ்வாய்க்கிழமை, அதே காப்பி நேரத்தில்தான் அளத்தங்கரைச் சூரியன் நின்றுபோயிற்று.

ஊருக்கு அது பழக எவ்வளவு நாளானது என்று கேட்டால், ஒரு நாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அதற்குப் பிறகு இரண்டாவது நாள் வரவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் உலகம் வழக்கம்போல இருட்டி விடிந்தது. டவுனிலிருந்து வரும் பஸ் கேட்டுக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு, நிலா வெளிச்சத்திலிருந்து சாயங்கால வெயிலுக்குள் மூக்கை நுழைக்கும். தூங்கி வழிகிறவர்களைப் பார்த்துக் கண்டக்டர், "ராத்திரி எல்லாம் எறங்கிக்கிடுங்க, இனி சாயங்காலம்" என்பார். தூக்கம் வேண்டியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். "எங்க மைனி கெளம்பிட்டிய?" "ராத்திரிக்குப் போயிட்டு வாரோம்." கடற்கரைக்குப் போவதுபோல, தூக்குவாளியில் சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இரவுக்குப் போனார்கள், நேற்று நாங்கள் படுத்த இடம், உங்கள் பிள்ளை உதைக்கிறான் என்று அங்கே இருட்டில் இடச்சண்டை நடந்தது, கேட்கீப்பர் ரயிலை விட்டுவிட்டுப் பாய்களுக்குப் பச்சைக்கொடி காட்டினார். நோன்பு மாதம் அது. பள்ளிவாசல் தெருக்காரர்கள் கஞ்சிச் சட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு அந்தப்பக்கம் போய், அங்கே பொழுது சாய்கிறவரை காத்திருந்து நோன்பு திறந்தார்கள், இந்தப்பக்கம் நிற்கிற இந்து கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் வெயிலும் இருட்டும் பிரிகிற கோட்டுக்கு மேலாக ஒரு டம்ளர் நீட்டினார்கள். டம்ளரின் ஒரு பாதியில் நட்சத்திரம், ஒரு பாதியில் வெயில்.

மல்லிகை மலரவில்லை. மொட்டுகள் அந்திக்குக் காத்து, உப்பிப்போய், செடியிலேயே வாயை மூடிக்கொண்டு நின்றன; பெண்கள் மொட்டைக் கட்டித் தலையில் வைத்து, மொட்டாகவே கழற்றி எறிந்தார்கள். கோழிகள் கூட்டுக்குள் போவதா வேண்டாமா என்று கூட்டின் வாசலில் நின்று நின்று கால் வீங்கின. இந்தப் பொன் வெயில் எங்கும் கிடைக்காது என்று எங்கிருந்தெல்லாமோ கல்யாண போட்டோகிராபர்கள் வந்தார்கள். உப்புக் குவியலுக்கு நடுவே ஏதோ ஒரு ஊர் மணப்பெண் சேலையைப் பறக்கவிட்டுக்கொண்டிருப்பாள், பாத்தியில் முட்டளவு உப்புநீரில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "கழுத்துல கெடக்கது கவரிங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குனிவார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு நாள் காட்டினார்கள். பிறகு ஒரு நடிகருக்கு விவாகரத்து ஆயிற்று, போய்விட்டார்கள்.

கஷ்டமும் இருந்தது. மேற்கே பார்த்த வீடுகள் அடுப்பாகிவிட்டன. சுவர் கையை வைக்க முடியாமல் கொதித்தது, அங்கே இருந்தவர்கள் கிழக்கே பார்த்த வீடுகளுக்குத் தட்டுமுட்டோடு குடிவந்து, ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் என்கிற பெரிய துன்பம் ஊர் முழுக்கப் பரவிற்று. கைக்குழந்தைகள் தூங்க மறந்தன. அளத்தில் உப்பு ஓயாமல் விளைந்தது, படிகம் மேல் படிகமாக, கண்ணாடிப் படிக்கட்டு மாதிரி. முதலாளி கைகூப்பிச் சூரியனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொழுது சாய்ந்தால் வீடு என்பதுதான் அளத்தில் வழக்கம். பொழுது சாயவில்லை. பாத்திக்காரி பேச்சித்தாய் எவ்வளவோ நேரம் பார்த்துவிட்டு, "பொழுது சாயாட்டா நாங்க சாயுதோம்" என்று வரப்பில் அப்படியே படுத்தாள், அவளோடு எல்லாப் பெண்களும் படுத்தார்கள், வெள்ளை வரப்பு முழுக்க வண்ணச் சேலைகளாகக் கிடந்ததை முதலாளியால் எழுப்பவே முடியவில்லை.

இத்தனையும் ஊர் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டது. வாங்கிக்கொள்ள முடியாதவள் ஜெசிந்தா ஒருத்திதான்.

மற்ற எல்லாச் சட்டிக்கும் அந்தத் தூரத்து வெளிச்சம் உதித்து ஏறி இறங்கி மறைந்தது. அளத்தங்கரைச் சட்டிக்கு மட்டும் அது வானத்தில் நட்ட இடத்தில் நின்றது. சட்டி கழுத்தைத் திருப்பவே இல்லை. இங்கே பதிந்ததை மற்றவர்கள் பதிந்ததோடு வைத்துப் பார்த்தால் எங்கேயும் ஒட்டவில்லை. ஜெசிந்தா முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள். சட்டியின் கடிகாரம் சாதாரணக் கடிகாரம் இல்லை, உலகம் முடிந்தாலும் நேரம் தப்பாதது என்று அதைப் பார்த்துக்கொள்ளும் மைதீன் சொல்வான்.

"கடிகாரம் சரி மேடம். மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்ப என்னதான் கோளாறு மைதீன்?"

"ஊருதான் நின்னுட்டு மேடம்" என்றான் மைதீன், நோன்பு வாயோடு, கோபமில்லாமல். "பூமி போவுது. நாம போவல."

சிலியிலிருந்து எஸ்தெபான் போன் செய்தார். மூன்று வருஷமாகத் தினம் பேசுகிற மனிதர், நேரில் பார்த்ததில்லை, அவர் இருமலை வைத்தே அங்கே என்ன பருவம் என்று ஜெசிந்தா சொல்லிவிடுவாள். அன்று இருமவில்லை. "அளத்தங்கரையை விட்டுவிடலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்" என்றார்.

"ஆப்பிரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? எங்களை எடுத்துவிட்டால் நாரே அறுந்துபோகும். அப்புறம் அளந்தது எதுவும் நிற்காது."

"தெரியும். அதனால்தான் சனிக்கிழமை வரை கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குள் உங்கள் ஊர் திரும்பவில்லை என்றால் எல்லாச் சட்டியையும் நிறுத்திவிடுவார்கள், ஜெசிந்தா. மூன்று வருஷமும் போகும்."

போனை வைத்தாள். கண்ணாடி துடைக்கிற துணியைத் தேடிக் கைப்பையில் கையை விட்டவளுக்கு விரல் நனைந்தது. பையின் அடியில் முடிச்சுப்போட்ட கைக்குட்டை, சொதசொதவென்று. சாவிக்கொத்து துருவேறிச் சிவந்திருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். நாலு மிளகாய்வத்தல், ஊறி, சப்பிப்போய். அவற்றோடு இருந்த கல்லுப்பு கடற்காற்றில் நீர்த்துக் கரைந்து பையைத் தின்றுவிட்டிருந்தது. ஜெசிந்தா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முதல்நாள் டெல்லியிலிருந்து ஒரு பட்டாளம் வந்து, சட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்து, எவ்வளவு பெரிசு, எவ்வளவு அழகு என்று வாய் ஓயாமல் சொல்லிவிட்டுப் போனது. போதாததற்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் போனில், ஒரு நாள்கூடப் பழுதாகாத நிலையம் உங்களுடையது என்றார். அப்படிச் சொல்லப்பட்ட மிக்ஸி மறுநாளே புகைந்ததை, அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை அன்றைக்கே காய்ச்சலில் விழுந்ததை ஜெசிந்தா கண்டிருக்கிறாள். இயற்பியல் இயற்பியல்தான், கண் கண்தான். மறுநாள் மைதீன் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, அளத்துக் குவியலிலிருந்து ஒரு பிடி உப்பும் நாலு வத்தலும் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு, சட்டியின் காலைச் சுற்றி வந்தாள். வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று, மூன்று தடவை துப்பி அடுப்பில் போட வேண்டும். வலமாக மூன்று முடிந்தது. போன் அடித்தது. எல்லாரும் தயார், உங்கள் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறோம் என்று எஸ்தெபான். கைக்குட்டையை முடிச்சுப்போட்டுப் பைக்குள் திணித்துவிட்டு ஓடினாள்.

வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி சுற்றுவது இடமாக. பள்ளிக்கூடப் பாடம் அது. இவள் வலமாகச் சுற்றியிருக்கிறாள். ஊருக்கும் பூமிக்கும் இடையில் இருந்த முறுக்கை மூன்று சுற்று அவிழ்த்துவிட்டு, திரும்ப முறுக்காமல் போன் எடுக்கப் போயிருக்கிறாள்.

புது உப்பெடுத்து ஓட்டமும் நடையுமாகச் சட்டியை இடமாகச் சுற்றினாள். மூன்று முறை. நிழல் மயிரளவு அசையவில்லை. வீட்டுக்கு வந்து கணவர் கஸ்பாரிடம் சொன்னாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஓய்வை முழுமனதோடு எடுத்துக்கொண்டவர், நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீ சுத்தினது சட்டிய. நின்னது ஊரு. இப்பப் போயி திரும்பவும் சட்டியவே சுத்துனா?"

"ஊரையா சுத்தச் சொல்லுதிய? கடலும் கழியுமா கெடக்கு. என் முட்டிய வச்சிக்கிட்டு மாதாகோயில் படியே ஏற முடியல."

"உலகத்துச் சட்டி பூராத்தையும் நீ நடந்து போயா திருப்பின?" என்று கேட்டுவிட்டுக் கஸ்பார் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா அவரை முறைத்தாள், வழக்கமான முறைப்பு இல்லை அது, பதில் கிடைத்தவள் முறைப்பது. ஆனால் அதற்கு ஊரிடம் சொல்ல வேண்டும். செல்போனை அணை, விஞ்ஞானம் நடக்கிறது என்று இத்தனை வருஷம் கத்திய வாயால், உப்புச் சுற்றினேன், பாதியில் விட்டேன் என்று சொல்ல வேண்டும்.

மாதாகோயில் மைதானத்தில் வியாழக்கிழமை எல்லாரையும் கூட்டிச் சொன்னாள், இனி ஊரையே சுற்றி நின்று உப்பைக் கைமாற்ற வேண்டும் என்பதையும். பிறகு பேச்சித்தாய் எழுந்தாள்.

"மூணு சுத்து முடிஞ்சி போனு எடுக்கப் போனியளாக்கும்."

"ஆமா."

"அடுப்புல பால வச்சிட்டுப் போற மாதிரி."

"ஆமா பேச்சி."

"இதுல எங்கள அறிவில்லாதவியன்னு வைவிய." பேச்சித்தாய் முந்தானையை உதறிச் செருகினாள். "சரி, ஆனது ஆச்சி. யாரு யாரு எங்க நிக்கணும்னு சொல்லுங்க. எம் பேரன் கண்ண மூடித் தூங்கி பத்து நாளாச்சி."

உப்பு முதலாளி மட்டும், சூரியன் இருக்கிற வரைக்கும் இருக்கட்டுமே, அவசரம் என்ன என்றார். அளத்துப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் ஒரு இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பங்குச்சாமியார் எதிர்ப்பார் என்று ஜெசிந்தா பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கிட்டே வந்து மெதுவாக, "எனக்குக் கழிப் பக்கம் வேண்டாம் ஜெசிந்தாம்மா, சேத்துல அங்கி நனையும்" என்றார்.

அன்றும் மறுநாளும் ஜெசிந்தா தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். உலகத்தைச் சுற்றிச் சட்டிகளை நிறுத்தியதுபோல ஊரைச் சுற்றி ஆட்களை நிறுத்தினாள். கேட்டில் தொடங்கிப் பனங்காடு வரை ரயில்பாதைக் குடும்பங்களும் பள்ளிவாசல் தெருவும்; பனங்காட்டோரம் பனையேறிகள்; கழியில் இடுப்பளவு நீரில் வலைக்காரர்கள்; கடலில், வெயிலும் இருட்டும் முட்டுகிற கோட்டின் மேல், வள்ளத்துக்கு வள்ளம் கை எட்டும்படி நங்கூரமிட்டு மீன்பிடிக்காரர்கள்; கரையேறித் திரும்பக் கேட்டுவரை அளத்துப் பெண்கள். எல்லாரும் ஊரைப் பார்த்து நிற்க வேண்டும், வலப்பக்கம் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் உப்பு இடமாகப் போகும். வலப்பக்கம் கொடுத்தால் எப்படி இடமாகப் போகும் என்று ஊரில் பாதிப்பேர் கேட்டார்கள். அரிசி புடைக்கிற சுளகைத் தரையில் வைத்து, சுற்றிலும் புளியங்கொட்டையை அடுக்கி, ஒவ்வொரு தெருவாகப் போய்க் காட்டினாள். கை விட்டுக் கை மாறும்போது இடைவெளி கூடாது. கண் கழிக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, அது அவள் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். போன்களை எல்லாம் அணைத்துப் பனையோலைக் கடகத்தில் போட்டார்கள். எத்தனையோ வருஷம் அவள் கத்திக் கேட்டுக் கிடைக்காத மௌனம், கேட்காமலே வந்து ஊர்மேல் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை, கேட்டுக்கு அந்தப்பக்கம் நோன்பு திறந்து முடிந்ததும் தொடங்கினார்கள். ஜெசிந்தா தண்டவாளத்தோரம் கோட்டின் மேல் நின்றாள். முகத்தில் சாயங்கால வெயில், முதுகில் வளர்பிறைக் குளிர். பேச்சித்தாய் புதுப்பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்து வத்தலைச் செருகி, பேசக் கூடாது என்பதால் புருவத்தால் மட்டும், இந்தத் தடவையாவது முடியுங்கள் என்றாள்.

உப்பு புறப்பட்டது. கையிலிருந்து கைக்கு, மருதாணிக் கையிலிருந்து காய்த்துப்போன கைக்கு, கண்டக்டர் கையிலிருந்து கேட்கீப்பர் கைக்கு, பனையேறியின் மரப்பட்டைக் கைக்கு. பங்குச்சாமியாரின் மோதிரக் கை அதை நற்கருணைபோல இரண்டு விரலால் வாங்கப் பார்த்து, சரிவராமல், பிடியாக வாங்கிக்கொண்டது. கழியில் அது நீருக்கு மேலாக மிதப்பதுபோலப் போனது. கடலில் பாதி கறுப்பாகவும் பாதி பொன்னாகவும் கிடந்த நீரின் நடுத் தையலில், வள்ளத்திலிருந்து வள்ளத்துக்கு மனிதர்கள் சாய்ந்து சாய்ந்து கொடுத்தார்கள். முதல் சுற்று முடிந்து அது ஜெசிந்தாவின் கைக்கு வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. கொடுத்தாள். உடம்பு முழுக்க அவசரம் ஓடியது, இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று தொண்டை வரை வந்தது. வாய் திறக்கக் கூடாது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஜெசிந்தா காத்திருந்தாள். காத்திருந்தபோது, ஊரைச் சுற்றி நிற்கிற அத்தனை பேர் மூச்சும் ஒரே மூச்சாக ஏறி இறங்குவது கேட்டது, நடுவில் பெரிய சட்டி அந்த மௌனத்தை ஏந்திக்கொண்டு வெள்ளையாக மல்லாந்து கிடப்பது தெரிந்தது.

இரண்டாவது சுற்றில் உப்பு ஈரமாக வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஏதோ ஒன்று, தூக்கத்தில் புரள்வதுபோல, லேசாக அசைந்தது.

மூன்றாவது சுற்றில் அது கனத்து வந்தது. கரைந்து பாதியாகியிருக்க வேண்டிய உப்பு, ஒரு கையால் தாங்க முடியாமல் இரண்டு கையையும் சேர்த்து வாங்கும்படி. பிடியின் மேல் மூன்று தடவை துப்பி, கேட்டோர டீக்கடை அடுப்பில் போட்டாள். அது வெடித்தது. பொரிந்து பொரிந்து, கடை தகரம் அதிர, இவ்வளவு கண்ணா பட்டிருந்தது என்று எல்லாரும் பேசாமலே ஒருவரையொருவர் பார்க்கும்படி வெடித்து, அடங்கியது.

பிறகு எல்லார் காலடியிலும் பூமி கிளம்பிற்று.

பஸ் கிளம்பும்போது நிற்கிறவர்கள் சாய்வதுபோல ஊர் முழுவதும் மேற்கே சாய்ந்து நிமிர்ந்தது. பனைமரங்கள் சாய்ந்து நிமிர்ந்தன. இத்தனை காலம் இதன்மேல்தானா நின்றுகொண்டிருந்தோம், இவ்வளவு பெரிய ஒன்று, இவ்வளவு சத்தமில்லாமல், நம்மையும் நம் பானை சட்டியையும் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தளும்பாமல் போய்க்கொண்டிருந்ததா என்று உள்ளங்காலில் தெரிந்தது. சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கியது. நட்சத்திரங்கள் வந்தன, நிற்கவில்லை, கடலிலிருந்து பீறிட்டு ஏறித் தலைக்கு மேலே ஓடிப் பனங்காட்டுக்குள் கொட்டின. விடிந்தது, உச்சியாயிற்று, சாய்ந்தது, இருட்டியது. ஊர் தவறவிட்ட இரவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்வையை வீசுவதுபோல மேலே விழுந்து விலகின, நிலா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடித்து வந்தது. கோழிகள் கூட்டுக்குள் போய் வெளியே வந்து போய் வெளியே வந்து, கடைசியில் உள்ளேயே இருந்துவிட்டன. மொட்டுகள் ஒரே சமயத்தில் திறந்தன; அந்த வாசனை ஒரு அலைபோல வந்து ஆட்களை ஒரு அடி பின்னுக்குத் தள்ளிற்று. எல்லாம் ஓய்ந்தபோது கேட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே இரவு, ஒரே நிலா. பேச்சித்தாயின் மகள் தோளில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் இன்னும் பேசவில்லை. பேசலாம் என்று தெரிந்தும் பேசவில்லை.

மைதீன்தான் வரப்பு வழியாக ஓடி வந்தான். "ஒட்டிக்கிட்டு மேடம். எல்லாரோடயும் ஒட்டிக்கிட்டு."

எஸ்தெபான் போனில் இருந்தார். "என்ன கோளாறு என்று மற்றவர்கள் கேட்பார்கள், நான் என்ன சொல்ல?"

மழுப்புவதற்கு ஜெசிந்தாவுக்குப் பொறுமை இல்லை. "எங்கள் ஊருக்குக் கண் பட்டிருந்தது. உப்புச் சுற்றினோம்" என்றாள்.

பூமிக்கு அடிப்பக்கத்திலிருந்து அவர் இருமினார். "கண் பட்டால் எங்கள் அம்மா முட்டையால் சுற்றுவாள்" என்றார்.

அடுத்த அமாவாசையில் அளவு முடிந்தது. அளத்தங்கரை நின்றிருந்த நாட்களின் பதிவை எறிந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஜெசிந்தாதான் எறியவிடவில்லை, மீந்த சோற்றையே எறியாதவள். ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்துகொண்டே பஸ்ஸின் ஓட்டத்தை அளந்துகொண்டிருந்தவர்கள்தான் இத்தனை பேரும். இந்த ஒரு தடவை ஒருவர் இறங்கி ஸ்டாப்பில் நின்று பார்த்திருக்கிறார். அப்படி வைத்துக் கணக்குப் பார்த்தபோது இதுவரை யாரும் காணாத ஒன்று வந்து நின்றது. அந்தப் பத்து நாளும், ஒவ்வொரு சுற்றிலும், அளத்தங்கரைக்கு நேரே வரும்போது பூமி தயங்கியிருந்தது. கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும். சந்தைக்கூட்டத்தில் வேகமாக நடக்கிற அம்மா, பின்தங்கி எதையோ வேடிக்கை பார்க்கிற பிள்ளையை, வருகிறதா என்று நடைபோக்கில் திரும்பிப் பார்ப்பதுபோல. ஜெசிந்தா அந்த எண்களை மைதீனுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வரப்பில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி எல்லாச் சட்டியும் கூடின. அன்றும் செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை மறைவாக இல்லை. மைதீன் கதவருகில் நின்றான், கஸ்பார் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டிருந்தார், வரப்பில் பேச்சித்தாயும் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், உப்பு மூடிய கையோடு ஜெசிந்தா சட்டியைச் சுற்றினாள். வலமாக மூன்று முடிந்தது. திரும்பி இடமாக நடக்கத் தொடங்கியபோது உள்ளே போன் அடித்தது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ஜெசிந்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, இரண்டாவது சுற்றைச் சுற்றினாள். அந்தப் பக்கம் எஸ்தெபான் அவள் எடுக்காததன் காரணம் தெரிந்தவராக, ஒரு காதில் மணியோசையும் ஒரு கையில் முட்டையுமாகக் காத்திருந்தார்.